நல்லதம்பியும் எல்லைக்கோட்டுச் சாராயமும்

1949 பிப்ரவரியில் ‘நல்லதம்பி’ வெளியானபோது எங்கள் ரெட்டியார்பாளையம் இந்தியாவில் இல்லை. பிரெஞ்சுக் கொடியின் கீழ், உழவர்கரை கொம்யூனில் இருந்தது. விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் மூலக்குளம், வில்லியனூர், அதையும் தாண்டினால் சென்னை மாகாணம். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடும் நேராக ஓடாது. ஒரு ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் இந்தியா, அதற்கடுத்தது மறுபடியும் பிரெஞ்சு என்று வரைபடத்தில் மை சிந்தின மாதிரி கிடக்கும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் குடித்தால் ஜெயில். இந்தப் பக்கம் குடித்தால் அரசாங்கத்துக்கு வருமானம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, போர்க்காலத்தில் தளர்ந்து, பிறகு மறுபடியும் மாவட்டம் மாவட்டமாகப் பரவி, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்துப் பக்கத்து ஓமந்தூர்க்காரர். அதாவது, சென்னை மாகாணத்தையே உலர வைத்தவரின் சொந்த ஊர், சாராயம் தாராளமாக ஓடிய புதுச்சேரிக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. இப்படி ஒரு காட்சியை என்.எஸ்.கிருஷ்ணன் பார்த்திருந்தால் தனியாக ஒரு நகைச்சுவைப் பகுதியே எடுத்திருப்பார்.

அவர் எடுத்தது வேறு. முழு மதுவிலக்கு வந்த நாலே மாதத்தில் மதுவிலக்கைப் பேசும் ஒரு முழுநீளப் படம், பாட்டும் சிரிப்புமாக. கதாநாயகன் ஒரு காமெடியன். கூடவே டி.ஏ.மதுரம். கதை வசனம், அப்போது திராவிடர் கழகத்தில் இருந்த சி.என்.அண்ணாதுரை. காங்கிரஸ் அரசாங்கத்தின் சட்டத்துக்கு, காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்த ஒருவரின் பேனா. பள்ளிப் புத்தகத்தில் எதிரெதிர் அத்தியாயங்களில் வரும் ஆட்கள், ஒரு சினிமாக் கொட்டகைக்குள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பற்றி எழுத எனக்கு இந்த ஒரு காரணமே போதும். இன்னொரு காரணமும் உண்டு. இன்றைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சாலையில் வரிசை கட்டும் டி.என். நம்பர் வண்டிகளைப் பார்க்கிறபோது, அந்தப் படம் ஜெயித்ததா தோற்றதா என்ற கேள்வி தானாக வருகிறது.

1

என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பரில் பிறந்தவர். படிப்பு கொஞ்சம். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், பிறகு மேடையேறியவர். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தார். வில்லுப்பாட்டு அந்த மண்ணின் கலை. அவர் காதில் சின்ன வயதிலேயே விழுந்தது. ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போட்டு இழுத்துக்கொண்டு போகும் அந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதே காலத்தில் ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனா போன குழுவில் ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். டி.ஏ.மதுரம். அந்தப் பயணத்தில் தொடங்கிய பழக்கம் திருமணத்தில் முடிந்தது. திரையில் அது முடியவேயில்லை. அடுத்த இருபது வருஷம் ஓடியது.

லாரல்–ஹார்டியைப் பார்த்துப் பழகிய நமக்கு நகைச்சுவை ஜோடி என்றால் இரண்டு ஆண்கள் என்ற எண்ணம் இருக்கிறது. ஒருத்தன் குண்டு, ஒருத்தன் ஒல்லி; ஒருத்தன் அடிப்பான், ஒருத்தன் வாங்குவான். தமிழ் சினிமாவின் முதல் பெரிய ஜோடி ஆணும் பெண்ணும், அதிலும் கணவன் மனைவி. காளி என்.ரத்னம்–சி.டி.ராஜகாந்தம் ஜோடியும் அதே காலத்தில் இருந்தது. ஆக இங்கே சிரிப்பு பிறந்த இடம் வீட்டுத் திண்ணை, அடுப்பங்கரை. அடிதடியைவிட வாய்ச்சண்டைக்கு மவுசு அதிகம். கணவன் ஒன்று சொல்வான், மனைவி அதைப் பிடித்துக் குடைவாள். அவன் சமாளிப்பான், அவள் விடமாட்டாள். லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மோதுகிற மாதிரி, இங்கே ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி.

இன்னொரு விஷயம், தொழில் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்துப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் தனித் தீவு. புராணக் கதை ஒரு பக்கம் நடக்கும். சம்பந்தமே இல்லாமல் கிருஷ்ணனும் மதுரமும் வந்து பத்து நிமிஷம் பேசிப் பாடிவிட்டுப் போவார்கள். அந்தப் பகுதியை எழுதுவது, ஆட்களைச் சேர்ப்பது, நடத்துவது எல்லாமே கிருஷ்ணனின் குழுதான். படத்துக்குள் ஒரு சின்னப் படம். ஜனங்கள் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே டிக்கெட் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் விநியோகஸ்தர்கள் அவரைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

இந்தத் தனித்தீவு ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. பிரதான கதையில் கடவுள் வந்து வரம் கொடுப்பார். கிருஷ்ணன் பகுதியில் அதே கடவுள் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவனைப் பற்றிக் கிண்டல் இருக்கும். ஒரே டிக்கெட்டில் பக்தியும் கிடைக்கும், பக்தியைப் பற்றிய சந்தேகமும் கிடைக்கும். தயாரிப்பாளர் பக்திப்படம் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன் தலையில் வேறு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

2

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் நாயகன். சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். அதில் கிருஷ்ணனும் மதுரமும் உண்டு. படம் வந்த சில வாரங்களில், நவம்பர் மாதம், மஞ்சள் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பர் கடைசியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதில் எனக்கு விலகாமல் நிற்கும் காட்சி ஒன்று. பிராட்வேயில் தினமும் மாலை கிருஷ்ணன் திரையில் வந்து மதுரத்திடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறார், ஜனங்கள் சிரிக்கிறார்கள். அதே நேரத்தில் நிஜக் கிருஷ்ணன் சிறைக்கம்பிக்குப் பின்னால். நிஜ மதுரம் வக்கீல் வீட்டு வாசலில்.

தமிழ் சினிமா வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தில் பாகவதரின் வீழ்ச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள். மதுரத்துக்கு ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கணவனை நம்பி வாழ்ந்த ஒரு நாடகக் குழுவே இருக்கிறது. அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். மதுரம் குழுவைக் கலைக்கவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபா நடந்தது. ‘பைத்தியக்காரன்’ நாடகம் மேடையில் ஓடியது, பிறகு அதே பெயரில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாகவும் ஆனது. மதுரம் அதில் நடித்தார். எம்.ஜி.ஆரும் இருந்தார்.

பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடியும் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். இரண்டு வருஷமும் நாலு மாசமும் உள்ளே. வெளியே வந்த கிருஷ்ணனுக்கு ‘பைத்தியக்காரன்’ படத்தில் காட்சிகள் சேர்க்கப்பட்டன. படம் அந்த ஆண்டே வெளிவந்தது. கணவன் இல்லாத வீட்டைக் காப்பாற்றிய பெண், அவன் திரும்பி வந்ததும் அவனுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த கதை இது. ‘ஜோடி’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்குமா தெரியவில்லை.

பாகவதர் மறுபடி எழவில்லை. 1948-ல் வந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. கிருஷ்ணன் எழுந்தார். அதே 1948-ல் ஜெமினியின் ‘சந்திரலேகா’வில் கிருஷ்ணனும் மதுரமும் சர்க்கஸ்காரர்களாக வந்து கலக்கினார்கள். காரணம் என்ன? பாகவதரின் புகழ் குரலையும் ரூபத்தையும் நம்பி இருந்தது. ரசிகர்கள் அவரை ஒரு தேவனாகப் பார்த்தார்கள். தேவன் ஜெயிலுக்குப் போனால் திரும்பி வர முடியாது. காமெடியன் போகலாம். அவன் ஏற்கெனவே நம்மில் ஒருத்தன், அடிபடப் பிறந்தவன்.

3

அப்படித் திரும்பி வந்தவர் எடுத்த துணிச்சலான முடிவு ‘நல்லதம்பி’. அதுவரை தனித்தீவாக இருந்த பத்து நிமிஷம் இப்போது முழுப்படமானது. இயக்கம் மறுபடியும் கிருஷ்ணன்–பஞ்சு. இசை சி.ஆர்.சுப்பராமன். பாடல்களுக்கு உடுமலை நாராயணகவி. நடிப்பில் கிருஷ்ணன், மதுரம், பி.பானுமதி, சகஸ்ரநாமம். அண்ணா திரைக்கு எழுதிய முதல் படம் இதுதான். அவருடைய நாடகமான ‘வேலைக்காரி’ படமாகி அதே ஆண்டு வந்து பெரும்புகழ் பெற்றதால், எல்லோர் நினைவிலும் அதுவே முதலாவதாக நிற்கிறது.

கதையின் வேர் அமெரிக்காவில். ஃபிராங்க் காப்ரா 1936-ல் எடுத்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’. கேரி கூப்பர் நடித்தது. சின்ன ஊரில் கவிதை எழுதிக்கொண்டும் ட்யூபா வாசித்துக்கொண்டும் இருந்தவனுக்குத் திடீரென்று இரண்டு கோடி டாலர் சொத்து வருகிறது. நகரத்துப் புத்திசாலிகள் அவனை ஏய்க்கப் பார்க்கிறார்கள். அவன் அந்தப் பணத்தை, பொருளாதார வீழ்ச்சியில் நிலம் இழந்த விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்க நினைக்கிறான். உடனே அவனுக்குப் பைத்தியம் என்று வழக்குப் போடுகிறார்கள். நல்லவனாக இருப்பது நோயா என்பதுதான் காப்ராவின் கேள்வி.

தமிழில் டாலர் ஜமீனானது. கிராமத்து வெகுளியான நல்லதம்பியிடம் ஜமீன் சொத்து வந்து சேருகிறது. சுற்றிலும் சூழ்ச்சி. அவன் அந்தச் செல்வத்தை ஊருக்குத் திருப்பிவிடப் பார்க்கிறான். ஜமீன் ஒழிப்புச் சட்டம் அப்போதுதான் சென்னை மாகாணத்தில் வந்திருந்தது, 1948-ல். ஆக ஜமீன் என்பது பார்வையாளனுக்குப் பழங்கதை கிடையாது; தினசரித் தாளில் வந்துகொண்டிருந்த செய்தி. மதுவிலக்கும் அப்படித்தான். இரண்டு சூடான சட்டங்களை எடுத்து ஒரு வெகுளியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த படம்.

காப்ராவின் டீட்ஸ் பிரசங்கம் செய்யமாட்டான். நல்லதம்பி செய்வான். நிறையவே செய்வான். இன்று பார்க்கிற இளைஞர்களுக்கு அது ரொம்ப நேரடியாக, சில இடங்களில் இழுவையாகக்கூடத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். படத்தின் உபதேசங்கள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலது எழுபத்தைந்து வருஷம் தாண்டியும் துள்ளுகிறது. சிலது அன்றைக்கே கொஞ்சம் சோர்ந்திருக்கும். ஏன்? அதைப் புரிந்துகொள்ள ‘கிந்தனார்’ பக்கம் போக வேண்டும்.

4

‘கிந்தனார்’ ஒரு காலட்சேபம். படத்துக்குள் கிருஷ்ணன் பாகவதர் வேஷத்தில், பின்பாட்டுக்காரர்களோடு, நடத்துவது. எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் கதையின் நையாண்டி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் பாதி போய்விடும்.

நந்தனைப் பற்றிப் பெரியபுராணம் சொல்வது சுருக்கம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை ‘நந்தன் சரித்திரம்’ என்று இசைக்கதையாக விரித்தார். பண்ணையாரான வேதியர் அவர் சேர்த்த பாத்திரம். சேக்கிழாரிடம் அப்படி ஒருவர் இல்லை. சிதம்பரம் போக அனுமதி கேட்டு ஏங்கும் பண்ணையாளும், விடாத எஜமானனும் வந்ததும் பக்திக் கதை நிலத்தின் கதையாக ஆகிவிட்டது. அது அச்சில் ஏறியதற்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. காரைக்காலில் இருந்த சீசையா என்கிற பிரெஞ்சு அதிகாரி, பாரதியாரின் பாட்டில் மயங்கி அந்தப் புத்தகத்தை வெளியிட உதவினார். காரைக்கால் பிரெஞ்சிந்தியாவின் பகுதி. இன்றும் புதுச்சேரியோடுதான் இருக்கிறது. தீண்டப்படாதவன் ஒருவனின் ஏக்கம் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளுக்கெல்லாம் போனதற்கு, எல்லைக்கு இந்தப் பக்கத்து அதிகாரி ஒருவரும் ஒரு காரணம்.

நந்தன் கதை சினிமாவுக்கும் வந்தது. 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் ஆண்வேடமிட்டு நந்தனாக நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. 1942-ல் ஜெமினியின் ‘நந்தனார்’, தண்டபாணி தேசிகர். ஆக 1949-ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எவருக்கும் நந்தன் கதை மனப்பாடம். எந்த இடத்தில் அழ வேண்டும் என்றும் தெரியும்.

கிருஷ்ணன் அந்த அச்சை அப்படியே எடுத்தார். அதே ராக பாவம், அதே நீட்டல், அதே விளக்கவுரை, அதே பின்பாட்டு. உள்ளே ஊற்றியது வேறு. நந்தனுக்குச் சிதம்பரம் என்றால் கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். நந்தன் கோயிலுக்கு ஏங்கினான், கிந்தன் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான். சேரிப் பையன் படிக்கப் போகிறான், படித்து முடிக்கிறான், கல்வி இலாகா அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்பி வருகிறான். அவனை அடித்து விரட்டிய வாத்தியார் இப்போது அதிகாரியை வரவேற்க நிற்கிறார்.

இரண்டு கதைகளின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நந்தன் கோயிலுக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. உடல் சுத்தமாக வேண்டுமாம். வெளியே வந்தவன் முனிவனின் உருவில் வருகிறான்; பழைய நந்தன் இல்லை. பிறகு ஜோதியில் கலந்து காணாமலே போகிறான். ஊருக்குத் திரும்பவில்லை. கிந்தன் நெருப்பில் இறங்கவில்லை, பரீட்சை எழுதினான். அதே உடம்போடு, அதே பெயரோடு, அதே ஊருக்கு வந்தான். வாத்தியார்தான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. இந்தத் திருப்பத்தின் அரசியல் எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் குறைந்ததில்லை. ஜனங்கள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பதுதான் விசேஷம். நந்தனைப் பார்த்து அழுதவன் மனசு நெகிழ்ந்து வீட்டுக்குப் போய், மறுநாள் தன் பண்ணையாளைப் பழையபடியே நடத்தலாம். கிந்தனைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அந்த வசதி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் ஒரு கிந்தன் ஆபீசராக வந்து இறங்கலாமே!

நியாயமாக ஒரு கேள்வி வரும். கிந்தன் கதையைச் சொல்வது யார்? கிந்தன் இல்லை. அவனுக்கு நல்லது நினைக்கிற இன்னொருவர். சிரிப்பை உண்டாக்கப் பயன்படுகிற பெயரே ஒரு கேலிப்பெயர்தான். இன்றைய தலித் வாசகர் இதில் நெருடலை உணர்ந்தால் அது சரிதான். அந்த நெருடலோடுதான் இதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் நந்தனை நெருப்பிலிருந்து வெளியே இழுத்துப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார வைத்த அந்த ஒரு அசைவை நான் சின்னதாக நினைக்க மாட்டேன்.

5

படத்தின் இன்னொரு உச்சம், விஞ்ஞானத்தைப் பற்றிக் கிருஷ்ணனும் மதுரமும் சேர்ந்து பாடும் பாட்டு. அவர் தான் கண்டுபிடிக்கப்போகும் இயந்திரங்களை அடுக்கிக்கொண்டே போவார். பொத்தானைத் தொட்டால் பலகாரம் வரும், மழைக்கு மந்திரம் தேவைப்படாது, அடுப்பங்கரை உழைப்பெல்லாம் மிஷின் பார்த்துக்கொள்ளும். ஹிரோஷிமாவுக்கு மூன்றரை வருஷம் கழித்து, பக்ரா நங்கலுக்கு முன்னால், ஒரு புதிய நாட்டின் விஞ்ஞான ஆசை முழுவதும் ஒரு புருஷனின் ஜம்பமாக அங்கே வெளிவருகிறது.

பாட்டைத் தூக்கி நிறுத்துவது மதுரம்தான். அவர் பங்கு நம்பாமல் கேட்பது. அதுவும் வரட்டுச் சந்தேகம் இல்லை. கண்ணில் ஒரு குறும்பு, உதட்டோரம் ஒரு சுழிப்பு. அவர் இல்லாமல் கிருஷ்ணன் மட்டும் பாடியிருந்தால் அது அரசாங்கச் செய்திப் படமாகியிருக்கும். அவர் இருப்பதால் நமக்கு இரண்டு வழி திறக்கிறது: கனவையும் ரசிக்கலாம், கனவு காண்கிறவனையும் கேலி செய்யலாம். வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போடுகிறவரின் இடம் இது. ஒரே வித்தியாசம், மதுரம் ‘ஆமாவா?’ என்று கேட்பார்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கிந்தனிலும் விஞ்ஞானப் பாட்டிலும் ஜனங்களுக்குக் காட்டப்படுவது ஒரு புது ஆசை. ரயில், பள்ளிக்கூடம், உத்தியோகம், மாவரைக்காத காலைப்பொழுது. சிரித்துக்கொண்டே ஆசைப்படச் சொல்வது சுலபம்; சிரிப்பும் ஆசையும் ஒரே திசையில் ஓடுகிறவை. மதுவிலக்குப் பிரசங்கம் கேட்பது துறவு. இதை விடு, அதைத் தொடாதே. விடச் சொல்கிற பேச்சுக்குப் பக்கத்தில் மதுரத்தின் குறுக்குக் கேள்வியை வைக்க முடியாது. ‘குடிக்கக் கூடாதுன்னா சரி, உடம்பு வலிக்கு என்னங்க பண்றது?’ என்று கூலிக்காரன் பெண்டாட்டி கேட்டுவிட்டால் பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும். மரமேறிகள் ‘எங்க பொழப்பு?’ என்று கேட்டாலும் நின்றுவிடும். பதநீரும் வெல்லமும் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் என்பது அரசாங்கத்தின் பதில். சிரிக்க வைக்கிற பதில் கிடையாது.

இதனால் மதுவிலக்கை வீணான எண்ணம் என்று நான் சொல்ல வரவில்லை. அடித்துப் பிடுங்கிய கூலி சாராயக்கடைக்குப் போவதைப் பார்த்த பெண்கள் அதைக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். 1939-ல் ராஜாஜி விற்பனை வரியைக் கொண்டுவந்ததே கள்ளு வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான். நாம் கடையில் கட்டுகிற வரியின் முப்பாட்டன் மதுவிலக்கு. ஒரு அரசாங்கம் அந்த அளவுக்கு நஷ்டத்தை ஏற்றுக்கொண்டது என்பது இன்றைக்கு நம்பவே முடியாத செய்தி.

6

பிறகு நடந்ததுதான் பெரிய காமெடி. அல்லது சோகம்.

‘நல்லதம்பி’ வந்த 1949-லேயே, செப்டம்பர் 17 அன்று, அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். கிருஷ்ணன் இயக்கிய ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) இரண்டுக்கும் மு.கருணாநிதி எழுதினார். ‘பணம்’ படத்தில் தி.மு.க. என்ற எழுத்துகளை வைத்துப் பாடிவிட்டு, அது ‘திருக்குறள் முன்னணிக் கழகம்’ என்று கிருஷ்ணன் தணிக்கைக்கு டிமிக்கி கொடுத்தது தனிக்கதை. எம்.ஜி.ஆர். அவரைக் கடைசிவரை குருவாகவே மதித்தார். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர். மூவருமே முதலமைச்சர்கள் ஆனார்கள். தமிழ்நாட்டு மதுக்கொள்கையின் அரை நூற்றாண்டை எழுதியவர்கள் எல்லோரும் ஒரு காமெடியன் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

அண்ணா முதல்வராக இருந்தவரை மதுவிலக்கில் கை வைக்கவில்லை. 1971-ல் கருணாநிதி அரசு தளர்த்தியது. 1974-ல் மறுபடி மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் குடித்தவனைப் பிடித்த அரசாங்கம், பிறகு அவனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தது.

எங்கள் பக்கம்? சென்னை மாகாணம் வறண்டு கிடந்தபோது இங்கே கடை திறந்திருந்தது. பாரதிக்கும் அரவிந்தருக்கும் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து நிழல் கொடுத்த அதே எல்லைக்கோடு, சாராயத்துக்கும் நிழல் கொடுத்தது. கோடு பாகுபாடு பார்க்காது. 1949-ல் இந்தியாவுடனான சுங்க ஒன்றியம் முடிந்து சோதனைச் சாவடிகள் இறுகின. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் ஆனது. கொடி மாறியது. கடை மாறவில்லை. சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலம் இன்றைக்கும் நடக்கிறது. தமிழ்நாட்டில் விலை ஏறினால் எங்கள் சாலையில் கூட்டம் ஏறும். சுற்றுலா என்ற பெயரில் நாங்கள் விற்பது கடலையா கண்ணாடிப் பாட்டிலையா என்பது எங்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் நல்லதம்பி தோற்றுவிட்டான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சாலையில் காலை எட்டரை மணிக்கு வேறு கூட்டம் ஒன்று வரும். சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சீருடைப் பிள்ளைகள். கிராமங்களிலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் அதில் பாதிக்கும் மேல் இருப்பார்கள் போலத் தோன்றும். கிந்தனின் வகையறா. அவர்கள் யாரும் படம் பார்த்துப் படிக்க வந்தவர்கள் இல்லை; சட்டம், இட ஒதுக்கீடு, மதிய உணவு, அம்மாக்களின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்து விட்டது. ஆனால் படிப்பது என்பது சிதம்பர தரிசனம் மாதிரி ஏங்கத்தக்க ஒன்று என்று கொட்டகை கொட்டகையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் ஒருவர் இருந்தார்.

அவர் 1957 ஆகஸ்ட் 30 அன்று, ஐம்பது வயதைத் தொடாமலே போனார். சம்பாதித்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவருக்கு வைத்த சிலையை, நோயின் பிடியில் இருந்த அண்ணா வந்து திறந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது என்பார்கள். அடுத்த மாதம் 3ஆம் தேதி அண்ணாவும் இல்லை. மதுரம் 1974 வரை இருந்தார்.

சிலை கிருஷ்ணனுக்கு மட்டும்தான். பக்கத்தில் யாரும் இல்லை, ‘ஆமாவா?’ என்று கேட்க. விஞ்ஞானப் பாட்டு இணையத்தில் கிடைக்கிறது. நேரம் கிடைத்தால் பாருங்கள். முதல் தடவை எல்லோரும் கிருஷ்ணனைத்தான் பார்ப்போம். இரண்டாம் தடவை மதுரத்தை மட்டும் பாருங்கள்.